மூளைக்குக் குடிவந்த செல்கள்: ஒரு கருத்து பிறந்த கதை

1906 நவம்பர் 3 அன்று ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் தென்மேற்கு ஜெர்மானிய மனநல மருத்துவர்களின் கூட்டம் நடந்தது. அதில் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்மணியின் மூளையைப் பற்றிப் பேசினார். ஆகுஸ்டெ டேட்டர் என்ற அந்தப் பெண்மணி 1901இல், 51 வயதில், பிராங்க்பர்ட் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டவர். கணவரின் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொல்லும் அளவுக்கு நினைவு கலங்கியிருந்தது. நாலரை ஆண்டுகள் கழித்து அவர் இறந்தபோது அல்சைமர் மியூனிக்குக்கு மாறிப்போயிருந்தார். மூளையை அங்கே வரவழைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றிப் பார்த்தார். கண்டதையெல்லாம் அவர் சொல்லி முடித்தபோது கூட்டத்தில் ஒரு கேள்விகூட எழவில்லை.

மறு ஆண்டு அச்சேறிய அவருடைய கட்டுரை மூன்று பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதிலிருந்து உலகம் இரண்டு செய்திகளை எடுத்துக்கொண்டது. நரம்பு செல்களுக்குள் முறுக்கிக்கிடந்த இழைகள் ஒன்று. செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிந்திருந்த இனம்புரியாத பொருள் மற்றொன்று. பிற்காலத்தில் அந்தத் திட்டுகளை அமிலாய்டு படிவு என்றும், இழைகளை டாவ் புரதம் என்றும் அடையாளம் கண்டார்கள். மறதி நோய்களில் பெரும்பங்கு வகிக்கும் அல்சைமர் நோயின் ஆராய்ச்சி முழுவதும் இந்த இரண்டைச் சுற்றியே வளர்ந்தது.

அந்தக் கட்டுரையில் மூன்றாவதாகவும் ஒரு குறிப்பு இருக்கிறது. நரம்பு செல்களுக்கு நடுவே நிறைந்திருக்கும் கிளியா செல்கள் நிறைய இழை விட்டிருக்கின்றன, அவற்றில் பலவற்றுக்குள் பெரிய கொழுப்புப் பைகள் தெரிகின்றன என்று அல்சைமர் எழுதியிருந்தார். கிளியா என்றாலே நரம்பு செல்களை ஒட்டவைக்கும் பசை என்று நினைத்த காலம் அது. பசைக்குள் கொழுப்பு இருந்தால் யாருக்கு என்ன? மறதி நோயில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கு உண்டு என்ற கருத்துக்கு ஆதி எங்கே என்று தேடிப்போனால் அந்த ஒற்றைக் குறிப்பில்தான் போய் நிற்போம். ஆனால் அந்தக் கருத்து ஒரே பிரசவத்தில் பிறந்துவிடவில்லை. பலமுறை பிறந்தது, பலமுறை கைவிடப்பட்டது. எப்படி என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அதே 1907இல் பிராகு நகரில் ஆஸ்கர் ஃபிஷர் என்ற மருத்துவர், முதுமை மறதியால் இறந்த 16 பேரின் மூளைகளை ஆராய்ந்து 12 பேரிடம் அதே திட்டுகளைக் கண்டார். அந்நியப் பொருள் ஒன்று மூளையில் படிந்து, அதைச் சுற்றி உடல் அழற்சியைக் கிளப்புகிறதோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. முள் தைத்த இடம் சிவந்து வீங்குவதற்குக் காரணமான அதே அழற்சிதான். தேடிப் பார்த்தார். அன்றைக்கு அழற்சிக்கு அடையாளமாகக் கருதப்பட்ட எதுவும் கண்ணில் படவில்லை. அத்தோடு அந்தக் கேள்வி மூடப்பட்டது. யூதரான ஃபிஷர் 1942இல் தெரசின் நாஜி முகாமில் உயிரிழந்தார். அவருடைய பெயரை மீட்டெடுக்கவே மருத்துவ உலகுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஃபிஷர் தேடியது அங்கே இல்லாமலில்லை. அதைக் கண்ணுக்குக் காட்டும் சாயம்தான் இல்லை. அந்தச் சாயம் மாட்ரிட் நகரில் பிறந்தது.

பியோ தெல் ரியோ ஓர்தேகா 1882இல் ஸ்பெயினின் வயதோலிட் பக்கம் போர்த்தில்லோ என்ற சிற்றூரில் பிறந்தவர். மருத்துவம் படித்து, சொந்த ஊரில் கொஞ்ச காலம் வைத்தியம் பார்த்துவிட்டு, ஆராய்ச்சி ஆசையில் தலைநகருக்கு வந்தார். அவருக்கு வாய்த்த ஆசிரியர் நிக்கோலாஸ் அச்சூகாரோ, மியூனிக்கில் அல்சைமரிடமே பயின்றவர். அச்சூகாரோ 1918இல், 37 வயதிலேயே இறந்துபோனார். மூளை செல்களை வரைந்து நோபல் பரிசு பெற்ற சந்தியாகோ ரமோன் இ கஹாலின் நிழலில் ஓர்தேகா வேலையைத் தொடர்ந்தார். மூளையில் நரம்பு செல் உண்டு, நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட் உண்டு; இரண்டிலும் சேராத ஏதோ ஒன்றும் உண்டு என்று கஹால் 1913இல் எழுதி, அதற்கு மூன்றாம் கூறு என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய சாயத்தில் அந்தச் செல்கள் கையும் காலும் இல்லாத வெறும் உருண்டைகளாகவே தெரிந்தன.

ஓர்தேகா சாயத்தை மாற்றினார். மூளைத் துண்டை பார்மலினும் அம்மோனியம் புரோமைடும் கலந்த கரைசலில் ஊறவைப்பார். பிறகு அதை உறையவைத்துச் சீவுவார். சீவலை அம்மோனியா சேர்ந்த வெள்ளி கார்பனேட் கரைசலில் போட்டெடுத்து, மறுபடி பார்மலினில் காட்டுவார். அப்போது வெள்ளி கறுத்துப் படியும். எத்தனை நேரம் ஊறியது, எவ்வளவு சூடு, கரைசல் எவ்வளவு வீரியம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வகைச் செல் எழுந்து வரும். வேதியியலும் கைப்பக்குவமும் சரிபாதி கலந்த வேலை அது. 1919இல் அவர் வெளியிட்ட கட்டுரைகளில், கஹாலின் உருண்டைகளுக்குக் கிளைகள் முளைத்திருந்தன. சின்ன உடல், நீண்ட கரு, சுற்றிலும் முள் முள்ளாகக் கிளைவிட்ட மெல்லிய கைகள். மைக்ரோக்ளியா என்று அவர் பெயரிட்டார்.

பெயரோடு விட்டிருந்தால் அவர் சாயம் தோய்த்த ஒருவராக மட்டுமே இருந்திருப்பார். மூளையைக் காயப்படுத்திவிட்டுப் பார்த்தபோது அந்தச் செல்கள் கைகளைச் சுருக்கிக்கொண்டு உருண்டு திரள்வதையும், காயத்தை நோக்கி நகர்ந்துபோய் இறந்த திசுவை விழுங்குவதையும் அவர் வரிசையாகக் காட்டினார். இதைவிடத் துணிச்சலான ஒன்றையும் சொன்னார்: இவை மூளையில் பிறந்தவையே அல்ல, கரு வளரும்போது மூளை உறைகளின் பக்கமிருந்து உள்ளே வந்து குடியேறியவை. அப்படியானால் இவை ரத்தத்திலும் திசுக்களிலும் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களின் உறவுகள். மறதி நோய் குறித்த இன்றைய பேச்சின் பாதி இந்த ஒரு கூற்றில் அடங்கியிருக்கிறது.

கஹாலுக்கு இது உவப்பாக இல்லை. மூன்றாம் கூறு பற்றிய கருத்து வேறுபாடு ஒருபுறம், ஆய்வகப் பணியாளர் மூட்டிய பூசல் மறுபுறம். 1920இல் ஓர்தேகா கஹாலின் ஆய்வகத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். கஹாலே முன்னின்று அவருக்கு மாட்ரிட் மாணவர் இல்லத்தில் வேறொரு சிறிய ஆய்வகம் கிடைக்க வழிசெய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கவிஞர் லோர்காவும் ஓவியர் டாலியும் தங்கியிருந்த அதே இல்லம். வைல்டர் பென்ஃபீல்ட் 1924இல் கடல் கடந்து வந்து அங்கேதான் வெள்ளிச் சாயம் கற்றுக்கொண்டு போனார். பின்னாளில் மாண்ட்ரியலில் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்ட் என்று அலைந்த ஓர்தேகா கடைசியில் புவனஸ் அய்ரஸ் போய்ச் சேர்ந்து, 1945இல் அங்கேயே இறந்தார். நோபலுக்கு இரண்டு முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு வரவில்லை. மைக்ரோக்ளியா எங்கிருந்து வருகிறது என்ற வாதம் அவருக்குப் பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. கருவின் ஆரம்ப நாட்களில் மஞ்சள்கருப் பையில் தோன்றும் செல்களே மூளைக்குப் போய் மைக்ரோக்ளியா ஆகின்றன என்று எலிகளில் 2010இல் நிறுவினார்கள். அவர் கைகாட்டிய திசை சரியாகவே இருந்தது.

மைக்ரோக்ளியாவை மருத்துவம் இத்தனை காலம் மறந்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1948இல் பீட்டர் மெடவார் முயல்களின் மூளைக்குள் வேறொரு முயலின் தோலை ஒட்டவைத்தார். உடம்பில் வேறெங்கு ஒட்டினாலும் எதிர்ப்பு மண்டலம் அழித்துவிடும் அந்நியத் தோல், மூளைக்குள் பிழைத்திருந்தது. மூளை எதிர்ப்பு மண்டலத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் தனி நாடு என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பாதியும் இருந்தது. அந்த முயலின் உடம்பில் முன்கூட்டியே அதே அந்நியத் தோலை ஒட்டி எதிர்ப்பைத் தூண்டிவிட்டிருந்தால், மூளைக்குள் இருந்த தோலும் அழிந்தது. எதிர்ப்பு மண்டலத்தால் மூளைக்குள் நுழைய முடியும், தானாக உஷாராவதுதான் கடினம் என்பதே மெடவார் கண்டதன் முழுப் பொருள். பாடநூல்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் அந்தப் பாதியையே படித்தார்கள். என்னைக் கேட்டால், மறதி நோய் ஆராய்ச்சிக்கு நேர்ந்த பெரிய இழப்புகளில் இதுவும் ஒன்று.

சுவரில் முதல் விரிசல் 1982இல் விழுந்தது. நெதர்லாந்தில் பீட் ஐக்கலன்போமும் அவருடைய சகாவும் அல்சைமர் மூளைகளின் திட்டுகளுக்குள் காம்ப்ளிமென்ட் புரதங்கள் இருப்பதைக் காட்டினார்கள். கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, இதை விழுங்கு என்று விழுங்கு செல்களுக்கு அடையாளம் காட்டுவதுதான் அந்தப் புரதங்களின் வேலை. கிருமியே இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை?

வான்கூவரில் பாட்ரிக் மெக்கீர், ஈடித் மெக்கீர் தம்பதி இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். பாட்ரிக் ஒரே துறைக்குள் அடங்கிய மனிதரில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகக் கூடைப்பந்து ஆடியவர். பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்ற உறுப்பினராக, அமைச்சராகப் பல ஆண்டுகள் இருந்தவர். கூடவே பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சியும் நடத்தியவர். ஈடித் வேதியியலாளர். இருவரும் சந்தித்துக்கொண்டதே டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான். எதிர்ப்பு மண்டலச் செல்கள் விழித்தெழும்போது மேற்பரப்பில் எச்எல்ஏ-டிஆர் என்றொரு மூலக்கூறை உயர்த்திப் பிடிக்கும். அதை மட்டும் தேடிப்பிடித்து நிறமேற்றும் எதிர்ப்பொருளை அல்சைமர் மூளைச் சீவல்களில் இட்டுப் பார்த்தது மெக்கீர் குழு. 1987இல் வெளியான முடிவில், ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் மைக்ரோக்ளியா மொய்த்துக்கொண்டு நின்றன, அத்தனையும் அந்த மூலக்கூறை ஏந்தியபடி. ஃபிஷர் தேடிக் காணாத அழற்சி அதுதான். வீக்கமும் சீழும் இல்லாத, உள்ளூர்ச் செல்களே நடத்தும் அழற்சி. அரிசோனாவின் சன் சிட்டியில் ஜோசப் ராஜர்ஸ் குழுவும் ஏறத்தாழ அதே காலத்தில் இதையே கண்டது.

அழற்சி மூளையைக் கெடுக்கிறதென்றால், காலமெல்லாம் அழற்சி மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மறதி நோய் குறைவாக இருக்க வேண்டுமே? மெக்கீர் தம்பதி கேட்ட இந்த எளிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. முடக்குவாத நோயாளிகள் பல்லாண்டுகளாக அழற்சியையும் தணிக்கும் வலியடக்கி மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அவர்களிடையே அல்சைமர் எதிர்பார்த்ததைவிட வெகு குறைவாக இருந்தது. 1990இல் ராஜர்ஸுடன் சேர்ந்து லான்செட் இதழுக்கு இதை எழுதினார்கள்.

அடுத்து அவர்கள் போய்ப் பார்த்த இடம் யாரும் நினைத்துப்பார்க்காதது. ஜப்பானில் தொழுநோயாளிகளைச் சட்டம் போட்டுக் காப்பகங்களில் அடைத்துவைத்திருந்த காலம் அது. அந்தச் சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது. இளமையில் உள்ளே போனவர்கள் அங்கேயே கிழவர்களானார்கள். யார் எந்த மருந்தை எத்தனை வருஷம் சாப்பிட்டார்கள் என்ற குறிப்பு ஒரே இடத்தில் இருந்தது. அவர்களில் பலர் சாப்பிட்டது டாப்சோன். நம் பக்கத்துக்கு அந்த மருந்து புதிதல்ல. 1940களில் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் தொழுநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தது தொழுநோய் சிகிச்சை வரலாற்றில் முக்கியமான கட்டம். டாப்சோன் கிருமியைக் கொல்வதோடு அழற்சியையும் தணிக்கும். அதைத் தொடர்ந்து சாப்பிட்டுவந்த முதியவர்களிடையே மறதி நோய் குறைவாகவும், பல ஆண்டுகளாகச் சாப்பிடாமல் விட்டவர்களிடையே அதிகமாகவும் இருந்ததாக 1992இல் மெக்கீரும் ஜப்பானிய மருத்துவர்களும் அறிவித்தார்கள். ஊரால் ஒதுக்கப்பட்டு மதிலுக்குள் வாழ்ந்த மனிதர்களின் நோய்க்குறிப்பிலிருந்து, மனித மூளையைப் பற்றிய ஒரு தடயம் கிடைத்தது. அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறந்துவிட்டு அந்தத் தடயத்தை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

தொண்ணூறுகளில் இந்தக் கருத்துக்கு நல்ல காலம். ரோட்டர்டாமில் 55 வயது தாண்டிய 6,989 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ வலியடக்கி சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஐந்தில் ஒரு பங்குதான் என்று 2001இல் செய்தி வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் பெரிய சோதனை ஒன்று தொடங்கியது. குடும்பத்தில் மறதி நோய் கண்ட, 70 வயது கடந்த 2,528 பேரைச் சேர்த்து, சிலருக்கு நாப்ராக்சென், சிலருக்கு செலகாக்சிப், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 2004 டிசம்பரில், இதயத்துக்குக் கேடு விளையலாம் என்ற கவலையில் மருந்தை நிறுத்தினார்கள். மறதி நோயை அந்த மாத்திரைகள் தடுக்கவும் இல்லை.

கருத்து செத்தது என்று பலரும் கைகழுவினார்கள். அது அவசரம் என்பது என் எண்ணம். மறதி தட்டத் தொடங்கியவர்கள் தாமாகவே மாத்திரையை மறந்துவிடுவார்கள். அதனால் கூர்ந்த நினைவுள்ளவர்களே வலியடக்கிப் பட்டியலில் மிஞ்சுவார்கள். ரோட்டர்டாம் கணக்கில் இந்தச் சிக்கல் இருந்திருக்கலாம். தவிர, மூளையில் அமிலாய்டு படியத் தொடங்குவது நினைவு தடுமாறுவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே. எழுபது வயதில் மாத்திரை கொடுத்தால் அது எந்தக் கட்டத்தைத் தடுக்கும்? ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் சீட்டில்லாமலே வலியடக்கி வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. மறதி வராமலிருக்க அதைச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிறுநீரகமும் இரைப்பையும் இதயமும் கெடும், மூளைக்கு எந்தப் பலனும் நிரூபிக்கப்படவில்லை.

இதற்கிடையில் எலான் என்ற நிறுவனத்தில் டேல் ஷெங்க், எதிர்ப்பு மண்டலத்தை அடக்குவதற்குப் பதில் ஏவிவிட்டுப் பார்த்தார். அமிலாய்டையே தடுப்பூசியாகப் போட்டதும் எலிகளின் மூளையில் திட்டுகள் கரைந்தன. மனிதர்களுக்கு அதைப் போட்டுப் பார்த்த சோதனையில் நூற்றில் ஆறு பேருக்கு மூளை அழற்சி கண்டு 2002 ஜனவரியில் ஊசியை நிறுத்தினார்கள். பங்கேற்றுப் பின்னர் இறந்த சிலரின் மூளைகளை இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் ஆராய்ந்தபோது, பெரும்பரப்பில் திட்டுகளே இல்லை. மைக்ரோக்ளியாவின் வயிற்றுக்குள் அமிலாய்டு இருந்தது. குடிவந்த செல்கள் தின்று தீர்த்திருந்தன. ஆனாலும் அவர்களின் மறதி முற்றிக்கொண்டேதான் போயிருந்தது. 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெகனெமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து அந்த வழியின் தொடர்ச்சி. 18 மாதங்களில் சரிவை நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மெதுவாக்குகிறது, சிலருக்கு மூளை வீக்கத்தையும் கொண்டுவருகிறது.

இனி வருவது, இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. ஃபின்லாந்தில் ஹாகோலா, ஜப்பானில் நாசு என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்த ஒரு அரிய பரம்பரை நோய் உண்டு. இருபது வயதுகளில் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் எலும்பு வலி தொடங்கும். எக்ஸ்ரேயில் எலும்புக்குள் குழிகள் தெரியும். சின்ன இடறலுக்கும் எலும்பு முறியும். முப்பதுகளில் குணம் மாறும். நாற்பதுகளில் முழு மறதி நோய். ஐம்பதைத் தாண்டுவோர் குறைவு. எலும்புக்கும் நினைவுக்கும் என்ன தொடர்பு? ஹெல்சிங்கியில் லீனா பெல்டோனன் குழு மரபணுவைத் தேடிப்போய், 2002இல் ட்ரெம்2 என்ற ஒன்றைப் பிடித்தது. மேக்ரோஃபேஜ் குடும்பச் செல்களின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பி அது. எலும்பைக் கரைக்கும் செல்கள் அந்தக் குடும்பம். மூளையில் மைக்ரோக்ளியாவும் அதே குடும்பம். நரம்பு செல்லில் எந்தக் குறையும் இல்லாமல், எதிர்ப்பு மண்டலச் செல்லின் ஒரு மரபணு கெட்டதாலேயே மறதி நோய் வந்து மனிதர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். இதைவிடத் தெளிவான சாட்சி என்ன வேண்டும்? ஆனாலும் அரிய நோய் என்பதால் அது ஒரு மூலையிலேயே கிடந்தது.

பத்தாண்டு கழித்து, 2012 நவம்பரில், ஐஸ்லாந்திலிருந்து ஒரு குழுவும் லண்டன் சார்ந்த ஒரு குழுவும் ஒரே நேரத்தில் ஒரே மருத்துவ இதழில் எழுதின. ட்ரெம்2 மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் சாதாரண முதுமை அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அதற்கு முன் 2009இல், ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகளில் காம்ப்ளிமென்ட் ஏற்பி ஒன்றின் மரபணுவும் அகப்பட்டிருந்தது. அழற்சி என்பது நோய் வந்தபின் கிளம்பும் புகை மட்டும்தான் என்று அதுவரை சொல்லிவந்தவர்களுக்கு இனி அது எளிதாக இல்லை. பிறக்கும்போதே உடன்வரும் மரபணு, நோய்க்கு முன்பே அங்கே இருக்கிறதல்லவா?

இதைவிட முக்கியமாக, மெக்கீர் காலத்துக் கணக்கு இங்கே தலைகீழானது. ட்ரெம்2 இல்லாத எலிகளின் மூளையில் மைக்ரோக்ளியா திட்டுகளை நெருங்கிச் சூழ்வதில்லை. திட்டுகள் பரவி விரிந்து பக்கத்து நரம்பிழைகளை இன்னும் அதிகமாகச் சிதைக்கின்றன. மைக்ரோக்ளியா வேலை செய்தால் கேடு என்று பார்த்தது போய், வேலை செய்யாவிட்டாலும் கேடு என்றானது. அப்படியானால் ட்ரெம்2வைத் தூண்டிவிட்டால் போதுமே என்று அலெக்டர் நிறுவனம் ஒரு எதிர்ப்பொருளை உருவாக்கியது. ஆரம்பநிலை நோயாளிகளிடம் அது பயன் தரவில்லை என்று 2024 நவம்பரில் அறிவித்தார்கள்.

மைக்ரோக்ளியாவின் அன்றாட வேலையை அறிந்தால் இந்தச் சிக்கல் கொஞ்சம் விளங்கும். 2005இல் உயிருள்ள எலியின் மண்டையோட்டைச் சீவி மெல்லியதாக்கி அதன் வழியே லேசர் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஓய்வில் இருப்பதாக எண்ணியிருந்த செல்கள் ஓயவே இல்லை. அவற்றின் கைகள் நீண்டும் சுருங்கியும் அக்கம்பக்கத்தை இடைவிடாமல் துழாவிக்கொண்டிருந்தன. வளரும் மூளையில் அவை இன்னொன்றும் செய்கின்றன. நெருக்கமாக முளைத்த கீரைப் பாத்தியைக் கலைத்துவிடுவதுபோல, தேவைக்கு மேல் முளைத்த நரம்பிணைப்புகளைக் கழித்துக்கட்டுகின்றன. எதைக் கழிப்பது என்று காட்டுவது அதே காம்ப்ளிமென்ட் புரதம். பாஸ்டனில் பெத் ஸ்டீவன்ஸ் குழு 2016இல் அல்சைமர் எலிகளில் இந்த இயக்கம் மறுபடி தலைதூக்குவதைக் காட்டியது. திட்டுகள் படியும் முன்பே, நல்ல இணைப்புகளின் மேல் புரதம் ஒட்ட, மைக்ரோக்ளியா அவற்றை விழுங்குகின்றன. நினைவு அழிவதோடு மிக நெருங்கிய தொடர்புள்ளது இந்த இணைப்புகளின் இழப்புதான். குழந்தைப் பருவத்தில் மூளையைச் செதுக்கிய அதே கை முதுமையில் தவறான இடத்தில் வேலை செய்கிறது. எங்கே, எப்போது என்று பார்க்காமல் மொத்தமாக அடக்குவதும் மொத்தமாக ஏவுவதும் ஏன் தோற்றன என்பதற்கு எனக்குத் தெரிந்து இதுவே ஏற்கத்தக்க விளக்கம்.

2024இல் ஸ்டான்ஃபோர்டில் டோனி விஸ்-கோரே குழு, அல்சைமருக்கு மிகப்பெரிய மரபணுக் காரணியான ஏப்போஈ4 இரட்டையாக உள்ளவர்களின் மூளைகளைப் பார்த்தது. மைக்ரோக்ளியாவுக்குள் கொழுப்புத் துளிகள் நிரம்பியிருந்தன. ஆய்வகத்தில் அத்தகைய செல்கள் வெளிவிட்ட கசிவு நரம்பு செல்களுக்கு நஞ்சானது. அல்சைமர் கண்ட கொழுப்புப் பைகளுக்கு ஒரு வேலை கண்டுபிடிக்க 117 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இவையெல்லாம் மூளைக்குள் நடப்பவை. வெளியே உடம்பில் வரும் தொற்றுகளும் மூளையைத் தொடுகின்றனவா என்பது தனிக் கேள்வி. மான்செஸ்டரில் ரூத் இட்ஸாகி, உதட்டுப் புண் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸின் டிஎன்ஏ முதியவர்களின் மூளையில் இருப்பதை 1991இல் காட்டி, அதற்கும் அல்சைமருக்கும் தொடர்பு உண்டென்று முப்பது ஆண்டுகளாக வாதாடிவந்தார். நிதி கிடைப்பதே பாடாக இருந்தது. 2015இல் மூளை உறைகளில் நிணநீர் நாளங்கள் இருப்பதை வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் கண்டறிந்தபோது, மூளை தனி நாடு என்ற பழைய வரைபடம் கிழிந்தது. ஆனாலும் தொற்றுக்கும் மறதிக்கும் காரண காரிய உறவு உண்டென்று மனிதர்களிடம் காட்டுவது எப்படி? பாதிப் பேருக்குத் தொற்றைக் கொடுத்துப் பார்க்க முடியாதே.

அதற்கு வேல்ஸ் நாட்டு அரசு தன்னையறியாமல் வழி செய்து கொடுத்தது. அக்கி அம்மைக்கான தடுப்பூசித் திட்டம் அங்கே 2013 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது. சின்ன வயதில் வந்துபோன சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, எதிர்ப்பாற்றல் தளரும்போது அக்கியாக எழுகிறது. நம் ஊர்களில் காவி குழைத்து, குயவர் கையால் அக்கி எழுதிக்கொள்வார்களே, அதே நோய்தான். மருந்து குறைவாக இருந்ததால் வேல்ஸில் ஒரு விதி வைத்தார்கள். 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஊசி உண்டு. அதற்கு முன்பே பிறந்து 80 வயதைத் தொட்டுவிட்டவர்களுக்கு ஒருபோதும் கிடையாது.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பிறந்தவருக்கும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் பிறந்தவருக்கும் என்ன வித்தியாசம் இருக்க முடியும்? ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பள்ளியில் படித்து, ஒரே சுரங்கத்தில் வேலை செய்திருப்பார்கள். ஆனால் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ யாருக்கும் ஊசி இல்லை, மறுபக்கத்தில் சரிபாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் போட்டுக்கொண்டார்கள். ஊசி போடுகிறவர்கள் பொதுவாகவே உடம்பைப் பேணுகிறவர்கள், அதனால்தான் அவர்களுக்கு நோய் குறைவு என்ற வழக்கமான ஆட்சேபணை இங்கே எடுபடாது. ஸ்டான்ஃபோர்டின் பாஸ்கல் கெல்ட்செட்சர் குழு 2,80,000க்கு மேற்பட்ட முதியவர்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டது. ஏழு ஆண்டுகளில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் புதிதாக மறதி நோய் கண்டறியப்படும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியானது. ஆஸ்திரேலியாவின் தரவுகளிலும் இதே போக்கு தென்பட்டது. பெண்களிடம் பலன் ஆண்களைவிடத் தெளிவாக இருந்தது. வைரஸ் மறுபடி எழாமல் தடுப்பதால் வந்த நன்மையா, ஊசி எதிர்ப்பு மண்டலம் முழுவதையும் உசுப்பிவிடுவதால் வந்ததா என்பதுதான் இப்போது ஆராயப்படும் கேள்வி. பெண்களின் எதிர்ப்பு மண்டலம் தடுப்பூசிகளுக்கு ஆண்களைவிட வலுவாக வினைபுரிவது வழக்கம் என்பதால் இரண்டாவது விடையையும் ஒதுக்கிவிட முடியாது.

வேல்ஸில் போட்டது, வலுக்குறைத்த உயிருள்ள வைரஸால் ஆன ஜோஸ்டாவாக்ஸ். அமெரிக்காவில் 2020இல் அதன் விற்பனை நின்றுவிட்டது. புரதத்தால் ஆன ஷிங்ரிக்ஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஷிங்ரிக்ஸ் போட்டவர்களுக்கும் மறதி நோய் தள்ளிப்போவதாக ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வு ஒன்று 2024இல் காட்டியிருக்கிறது. ஆனால் மிக வலுவான சாட்சி பழைய ஊசிக்கே இருக்கிறது. லாபம் தராத பழைய ஊசியை வைத்துப் பெரிய சோதனை நடத்த எந்த நிறுவனம் முன்வரும்? கெல்ட்செட்சர் அறக்கட்டளைகளிடம் நிதி கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு சாராருக்கு ஊசியும் மற்றவர்களுக்கு வெறும் ஊசியும் போட்டு, இரு சாராரையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகாது என்கிறார் அவர்: வேல்ஸ் தரவில் ஊசிக்குத் தகுதி பெற்றவர்களின் கோடும் பெறாதவர்களின் கோடும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டிலேயே விலகத் தொடங்கிவிட்டன.